ஸ்பெயின் தேசத்துப் பாலை

ஸ்பெயின் தேசத்திற்குச் செல்லும் நம்மவர் பெரும்பாலும் மூன்று இடங்களைக் கண்டு திரும்புவர். மாட்ரிட் நகரத்து ஓவியக்கூடம், பார்சிலோனாவில் 1882 முதல் கட்டப்பட்டு வரும் பெருங்கோவில், கிரனாடாவில் மூர் மன்னர் எழுப்பிய அல்ஹம்ப்ரா அரண்மனை ஆகியவை அவை. நாங்களும் அம்மூன்றையும் கண்டு மகிழ்ந்தோம். ஆயினும் நாங்கள் இத்தனை தொலைவு சென்றது அவற்றின் பொருட்டு அன்று. மரமில்லாத, நீரில்லாத, காண்பதற்கென்று ஒன்றுமில்லாத ஒரு வறண்ட நிலத்தைக் காணவே சென்றோம். விண்ணப்பத் தாளில் பயணத்தின் நோக்கம் என்னும் இடத்தில் 'சுற்றுலா' என்று எழுதினோம். 'பழைய சினிமா' என்று எழுதினால் அதிகாரிகள் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கமே காரணம்.

டில்லியில் எங்கள் இல்லத்தில் ஞாயிறு இரவுகளில் அயல்நாட்டுப் பழம்படம் ஒன்றைக் குடும்பத்தோடு பார்ப்பது பல்லாண்டு வழக்கம். விழாக்களில் பரிசு பெற்ற படங்களை நாங்கள் அதிகம் நாடுவதில்லை. 1960-களில் இத்தாலியர் எடுத்த கௌபாய்ப் படங்களே எங்களுக்கு உகந்தவை. இவற்றை 'ஸ்பகெட்டி வெஸ்டர்ன்' என்று விமர்சகர் ஏளனம் செய்தனர். ஸ்பகெட்டி என்பது இத்தாலியர் உண்ணும் நூல் போன்ற பண்டம். நம் இடியாப்பத்திற்கு ஒன்றுவிட்ட உறவு எனலாம். வடபுலத்தார் நம்மவர் படங்களை 'இட்லி சாம்பார்ப் படங்கள்' என்றால் நமக்கு எப்படியிருக்குமோ, அப்படித்தான் இத்தாலியருக்கும் இருந்திருக்கும். இன்று அப்பெயர் ஏளனம் நீங்கி அன்போடு வழங்குகிறது.

இப்படங்களின் கதை நடப்பது அமெரிக்காவின் தென்மேற்கிலும் மெக்சிகோ எல்லையிலும். எடுத்தவர் இத்தாலியர். பணம் இத்தாலி, ஸ்பெயின், மேற்கு ஜெர்மனி ஆகிய நாடுகளிலிருந்து வந்தது. நிலம் மட்டும் ஸ்பெயினின் தென்கிழக்கு மூலையில், அல்மேரியா மாகாணத்தில் உள்ள தபெர்னாஸ் என்னும் வறண்ட பூமி.

அல்மேரியா துறைமுகத்திலிருந்து மோட்டாரில் சுமார் 30 கிலோமீட்டர் வடக்கே சென்றால் தபெர்னாஸ் வந்துவிடுகிறது. ஒருபுறம் பிலாப்ரெஸ் மலைத்தொடர், மறுபுறம் அல்ஹமில்லா மலைத்தொடர். மழை மேகங்களை மலைகள் தடுத்துவிடுவதால், ஆண்டுக்கு 250 மில்லிமீட்டர் மழை பெய்வதே அரிது. ஐரோப்பாவின் ஒரே பாலைவனம் என்று சுற்றுலாத் துறையினர் விளம்பரம் செய்கின்றனர். புவியியலார் சற்று நிதானமாக 'அரைப் பாலை' என்பர். மணற்குன்றுகளை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாந்து போவர். இங்கே இருப்பது களிமண் குன்றுகள். எப்போதோ பெய்யும் மழை அவற்றைக் கீறிக் கீறி, விலா எலும்புகளைப் போல் ஆக்கியிருக்கிறது. இடையிடையே தண்ணீர் இல்லாத ஆறுகள். ஆற்றுப் படுகையே வண்டிப் பாதை.

தமிழ்நாடு எக்ஸ்பிரசில் ஊருக்குச் செல்லும் டில்லித் தமிழருக்கு இந்நிலம் புதிதன்று. ஆக்ராவைக் கடந்து, தோல்பூருக்கும் மொரேனாவுக்கும் இடையே சம்பல் நதிப் பாலத்தை அணுகும்போது, சன்னல் வழியே தெரியும் மண் பள்ளங்களை நினைத்துப் பாருங்கள். நிறம் சற்று வெளுத்திருப்பதாகக் கொள்ளுங்கள். அதுவே தபெர்னாஸ். சம்பல் பள்ளங்களில் கொள்ளைக்காரர்கள் உண்மையிலேயே இருந்தனர். தபெர்னாஸில் அவர்கள் மாலையானதும் கூலி வாங்கிக்கொண்டு வீடு சென்றனர்.

முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்து பாலையாகின்றன என்று சிலப்பதிகாரம் கூறும். அகநானூற்றின் 400 பாடல்களில் சரிபாதி, அதாவது 200 பாடல்கள், பாலையைப் பற்றியவை. அவற்றில் வருவன யாவை? காய்ந்த வழி, கள்ளிச் செடி, வட்டமிடும் பருந்து, வழிப்பறி செய்யும் மறவர், அவர்களால் மாண்ட வழிப்போக்கரை மூடிக் கிடக்கும் கற்குவியலான பதுக்கை. இவை அனைத்தையும் தாண்டிப் பொருள் தேடப் போகிறவன் ஒருவன். இத்தாலியர் படங்களில் வருவனவும் இவையே. நாயகன் ஊரும் பேரும் கூறாமல் வெயிலில் வருகிறான். அவன் வருவது அறத்தை நிலைநாட்ட அன்று, காசுக்காக. முதற்படத்தின் பெயரே 'ஒரு பிடி டாலருக்காக' என்பது. பொருள்வயிற் பிரிவு என்னும் துறைக்கு இதைவிடப் பச்சையான தலைப்பு கிடைக்காது. சம்பளத்திற்காக ஊர் விட்டு ஊர் வந்து குடியேறிய நமக்கு இப்படங்கள் ஏன் பிடிக்கின்றன என்பதற்கு நாங்கள் வேறு காரணம் தேடியதில்லை.

அந்த முதற்படம் 1964-ல் வெளிவந்தது. இயக்கியவர் செர்ஜியோ லியோனே. செலவு சுமார் 2 இலட்சம் டாலர்தான். அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் நடித்து வந்த கிளின்ட் ஈஸ்ட்வுட் என்னும் இளைஞர் 15,000 டாலருக்கு ஒப்புக்கொண்டு வந்தார். இத்தாலியர் எடுத்த கௌபாய்ப் படம் என்றால் எவரும் பார்க்கமாட்டார் என்று அஞ்சிப் பலர் ஆங்கிலப் புனைபெயர் சூட்டிக்கொண்டனர். லியோனே 'பாப் ராபர்ட்சன்' ஆனார். இசையமைத்த என்னியோ மோரிக்கோனே 'டான் சாவியோ' ஆனார். கதையோ ஜப்பானியருடையது. அகிரா குரோசாவா 1961-ல் எடுத்த 'யோஜிம்போ' படத்தைப் பெரிதும் ஒட்டி, ஆனால் உரிமை பெறாமல் எடுக்கப்பட்டது. ஜப்பானியர் வழக்குத் தொடுத்தனர். உலக வருவாயில் நூற்றுக்கு 15 பங்கு அவர்களுக்குத் தருவதென்று முடிவாயிற்று. இவ்வழக்கினால் அப்படம் அமெரிக்காவிற்குச் செல்ல 1967 வரை காத்திருக்க நேர்ந்தது.

படப்பிடிப்பில் எவர் என்ன மொழி பேசினார் என்பது சுவையான செய்தி. ஈஸ்ட்வுட் ஆங்கிலம் பேசினார். எதிரே நின்ற வில்லன் இத்தாலிய மொழியில் மறுமொழி கூறினார். பக்கத்தில் நின்றவர் ஸ்பானிய மொழி. குரல்களெல்லாம் பின்னர் ஒலிக்கூடத்தில் சேர்க்கப்பட்டன. ஆகவே இப்படங்களுக்கு 'மூலமொழி' என்று ஒன்றைச் சுட்டுவது கடினம். உதட்டசைவும் சொல்லும் ஒட்டவில்லையே என்று குறை கூறுவோர் உண்டு. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் ஆங்கிலம், கடைத்தெருவில் இந்தி என்று வாழும் எங்கள் குடும்பத்தில் எவரும் அதைக் குறையாகக் கருதவில்லை. தவிர, லியோனே வசனத்தைப் பெரிதும் நம்பவில்லை. 1968-ல் அவர் எடுத்த 'முன்னொரு காலத்தில் மேற்கே' என்னும் படத்தின் தொடக்கத்தில் மூவர் இரயிலுக்குக் காத்திருக்கின்றனர். காற்றாலை கிரீச்சிடுகிறது, ஈ ஒன்று பறக்கிறது, ஒருவன் தொப்பியில் நீர் சொட்டுகிறது. பத்து நிமிடம் இவ்வளவே. இத்தனை நேரம் பேச்சின்றிப் பார்வையாளரைக் கட்டிப்போடும் துணிவு இன்றைய படக்காரர்களுக்கு இல்லை என்பது எங்கள் கட்சி.

தபெர்னாஸில் இன்று மூன்று மர ஊர்கள் நிற்கின்றன. அவற்றுள் பெரிய பெயர் பெற்றது 1965-ல் வெளிவந்த 'இன்னும் சில டாலருக்காக' படத்திற்கென்று கார்லோ சிமி என்னும் கலை இயக்குநர் அமைத்த 'எல் பாஸோ' நகரம். இப்போது மினி ஹாலிவுட் என்று பெயர். படத்தில் கொள்ளை போகும் வங்கி அப்படியே இருக்கிறது. தெருவில் குறித்த நேரத்தில் துப்பாக்கிச் சண்டை நடத்துகிறார்கள். மாண்டவர் எழுந்து குழந்தைகளோடு படம் எடுத்துக்கொள்கிறார். பக்கத்தில் மிருகக்காட்சிசாலை வேறு. எங்கள் பிள்ளைகள் மகிழ்ந்தனர். எங்களுக்கு அந்த ஆரவாரம் ஒட்டவில்லை. அதைவிட, 'முன்னொரு காலத்தில் மேற்கே' படத்திற்காகக் கட்டிய பெரிய மரவீடு மனத்தைத் தொட்டது. அந்த வீட்டு வாசலில் விருந்துக்கு இலை போட்டது போல் மேசைகளைப் போட்டுப் புது மணப்பெண்ணுக்காகக் காத்திருக்கும் குடும்பம் ஒன்று சுட்டுக் கொல்லப்படுகிறது. 1975-ல் பெங்களூர் அருகே இராமநகரத்துப் பாறைகளிடையே எடுக்கப்பட்ட 'ஷோலே' படத்தைப் பார்த்தவர் அக்காட்சியை உடனே அடையாளம் காண்பர். தமிழிலும் இக்காற்று வீசியது. 1972-ல் எம். கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் நடித்து வெளிவந்த 'கங்கா' அந்த வகைப் படமே.

நாங்கள் மறக்க இயலாத இடம் விளம்பரப் பலகைகள் அதிகம் இல்லாத ஒரு சிற்றூர். லாஸ் அல்பரிகோக்கேஸ் என்று பெயர். வெள்ளை அடித்த தாழ்ந்த வீடுகள். சப்பாத்திக்கள்ளியும் ஆனைக்கற்றாழையும் வேலியோரம் மண்டிக் கிடக்கின்றன. இவ்விரண்டும் மெக்சிகோ நாட்டிலிருந்து வந்து இங்கே வேரூன்றியவை. ஆகையால் ஸ்பெயின், மெக்சிகோ வேடம் போட்டபோது செடிகளாவது உண்மை கூறின. தெருக்களுக்கு ஈஸ்ட்வுட், லியோனே, மோரிக்கோனே என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஊரோரத்தில் கல் பாவிய வட்டமான ஒரு தரை. அது போரடிக்கும் களம். மாடுகளைச் சுற்றவிட்டுக் கோதுமையும் வாற்கோதுமையும் பிரித்த இடம். 'இன்னும் சில டாலருக்காக' படத்தின் இறுதிச் சண்டை அங்கேதான் நடக்கிறது. பாட்டுக் கடிகாரம் ஒன்று மெல்ல ஓய்ந்து வர, இருவர் வட்டத்துள் எதிரெதிரே நிற்பர். மூன்றாமவன் விளிம்பில் அமர்ந்து நடுநிலை பார்ப்பான்.

நெல்லடிக்கும் இடத்தையும் போர் நடக்கும் இடத்தையும் தமிழர் ஒரே சொல்லால் 'களம்' என்றனர். உழவர் களத்தைப் பாடுவதும் வேந்தர் களத்தைப் பாடுவதும் 'களவழி' என்றே பெயர் பெற்றன. ரோமாபுரியிலிருந்து வந்த லியோனேவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. வட்டம் கண்ணுக்கு அழகாக இருந்தது, எடுத்துக்கொண்டார். நாங்கள் மட்டும் அந்தக் கல்தரையில் நெடுநேரம் நின்றோம். களம் இருக்கிறது, கதிர் இல்லை. அறுப்பவரும் இல்லை. அவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கு விடை அம்மாகாணத்தின் வரலாற்றில் இருக்கிறது.

அல்மேரியா வறுமைக்குப் பேர்போன மாகாணம். முற்காலத்தில் அர்ஜென்டினாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் கூலி வேலை தேடிச் சென்றனர். 1950-களிலும் 1960-களிலும் பார்சிலோனா, பிரான்சு, ஜெர்மனி என்று கூட்டம் கூட்டமாக வெளியேறினர். அதே ஆண்டுகளில்தான் இத்தாலியர் குதிரைகளோடு வந்து இறங்கினர். உழவரும் ஜிப்சிகளும் மெக்சிகோக் குடியானவர்களாக நின்றனர். குதிரை ஏறத் தெரிந்தவர் குதிரையிலிருந்து விழவும் கற்றுக்கொண்டனர். தச்சர் ஊர்களை எழுப்பினர். ஊரைவிட்டுப் போகாமல் சிலர் தங்கியதற்கு இப்பொய்யூர்களும் ஒரு காரணம். 1970-களின் நடுவில் அவ்வேட்டை ஓய்ந்தது. இன்றோ நிலைமை தலைகீழ். கடற்கரைப் பக்கம் சுமார் 30,000 ஹெக்டேர் நிலம் வெள்ளைப் பிளாஸ்டிக் கூரைகளின் கீழ் தக்காளியும் மிளகாயும் விளைக்கிறது. அக்கூரைகளின் கீழ் வேலை செய்பவர் மொராக்கோவிலிருந்தும் அதற்கும் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் பொருள் தேடி வந்தவர்கள். தபெர்னாஸ் குன்றுகளை ஒரு நாளில் பார்த்துவிடலாம். இதைப் பார்த்துத் தெளிய ஒரு நாள் போதாது.

அங்கிருந்து வடக்கே 700 கிலோமீட்டருக்கு மேல் சென்றோம். இடைவழிப் பயணத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அத்தொலைவைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. 1966-ல் வெளிவந்த 'நல்லவன், கெட்டவன், அசிங்கமானவன்' படத்தில் காயம்பட்டவனை ஒரு மடத்திற்குக் கொண்டுவருகின்றனர். மடத்தின் வெளிப்புறம் அல்மேரியாவில் பாழடைந்து கிடக்கும் கோர்டிஹோ தெல் பிரைலே என்னும் பண்ணைவீடு. அவ்வட்டாரத்தில் 1928-ல் நடந்த ஒரு கொலையே கவி லோர்காவின் 'இரத்தக் கல்யாணம்' நாடகத்திற்கு வித்தானது. மடத்தின் உட்புறமோ வடக்கே பர்கோஸ் மாகாணத்தில் அர்லான்சா ஆற்றங்கரையில் உள்ள பழைய மடாலயம். தெற்கே கதவைத் தட்டியவன் வடக்கே நுழைகிறான்! இதைத் தெரிந்துகொண்டபின் படத்தின் சுவை குறையுமோ என்று அஞ்சினோம். கூடித்தான் இருக்கிறது. ஊர் திரும்பியபின் ஒவ்வொரு ஞாயிறும் 'இது எந்தக் குன்று?' என்று பிள்ளைகள் பந்தயம் கட்டுகின்றனர்.

பர்கோஸ் மலைப்பகுதி பாலை அன்று. கருவாலியும் சீமைச்சூரை மரமும் நிறைந்த குளிர்நாடு. அர்லான்சா ஆற்றின் மேல் படத்திற்காக ஒரு பாலம் கட்டினர். வெடி வைத்துத் தகர்க்க வேண்டிய காட்சி. படப்பெட்டி சுழலும் முன்பே, சைகையைத் தவறாக எண்ணிக்கொண்ட ஸ்பெயின் இராணுவ அதிகாரி வெடிக்க உத்தரவிட்டுவிட்டார். பாலம் போயிற்று, படம் பிடிபடவில்லை. அதே இராணுவத்தினர் மீண்டும் பாலம் கட்டித் தந்தனர். திரையில் நாம் காண்பது இரண்டாவது பாலம்.

அதே இராணுவத்தினர், சாந்தோ தொமிங்கோ தெ சிலோஸ் ஊருக்கு அருகே ஒரு பள்ளத்தாக்கில் ஓர் இடுகாடும் அமைத்தனர். நடுவே கல் பாவிய வட்டம். அதைச் சுற்றி வளையம் வளையமாக 5,000-க்கும் மேற்பட்ட கல்லறைகள். ஒன்றிலும் பிணம் இல்லை. கதையில் அதன் பெயர் சாட் ஹில். 2 இலட்சம் டாலர் பொன் புதைந்து கிடப்பது 'பெயர் தெரியாதான்' என்று குறித்த ஒரு குழியில். மோரிக்கோனேயின் இசை ஏற ஏற, ஒருவன் கல்லறைகளிடையே பைத்தியம்போல் ஓடுவான். பிறகு மூவரும் வட்டத்தில் நிற்பர். மீண்டும் அதே களம்!

படம் முடிந்ததும் எல்லோரும் போய்விட்டனர். சிலுவைகள் உளுத்தன. புல் மூடிற்று. மாடுகள் மேய்ந்தன. ஏறத்தாழ ஐம்பதாண்டு சென்றபின், 2015-ல், அவ்வட்டாரத்து அன்பர்கள் சங்கம் ஒன்று அமைத்து மண்வெட்டியோடு புறப்பட்டனர். வாரம்தோறும் வெளியூர்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்து கூலியின்றி உழைத்தனர். மண்ணை அகற்ற, அந்தக் கல்வட்டம் கெடாமல் வெளிப்பட்டது. 2016-ல் அதே இடத்தில் படத்தைத் திரையிட்டனர். இம்முயற்சியைப் பற்றி 2017-ல் ஓர் ஆவணப்படமும் வந்தது. 15 யூரோ கொடுத்தவர் பெயரை ஒரு சிலுவையின் மேல் எழுதினர். உயிரோடிருப்பவர் தம் பெயரைக் கல்லறையில் எழுதக் காசு கொடுப்பது நம்மவருக்கு அபசகுனமாகத் தோன்றும். எங்கள் வீட்டிலும் அவ்வாறே கருத்து எழுந்தது. சிலுவைகளுக்கிடையே நடந்து பெயர்களைப் படித்ததோடு நிறுத்திக்கொண்டோம்.

அங்கே நின்றபோது எழுந்த மற்றோர் எண்ணத்தையும் எழுதத்தான் வேண்டும். 1936 முதல் 1939 வரை ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் நடந்தது. பர்கோஸ் நகரமே தளபதி பிராங்கோவின் தலைநகராக இருந்தது. அப்போரிலும் அதன்பின் நடந்த பழிவாங்கலிலும் கொல்லப்பட்டு, பெயரின்றிச் சாலையோரக் குழிகளில் தள்ளப்பட்டவர் ஓர் இலட்சத்திற்கும் மேல் என மதிப்பிடுவர். பிராங்கோ 1975-ல் இறக்கும்வரை அக்குழிகளைப் பற்றி வாய் திறக்க முடியவில்லை. 2000-ஆம் ஆண்டு முதல்தான் பேரப்பிள்ளைகள் தோண்டத் தொடங்கினர். ஆக, பிராங்கோவின் சிப்பாய்கள் அமெரிக்க உள்நாட்டுப் போரில் மாண்டதாகக் கற்பனை செய்யப்பட்ட 5,000 பேருக்குச் சிலுவை நட்ட நாளில், தம் நாட்டுப் போரில் உண்மையாக மாண்டவருக்கு ஒரு கல் நட அந்நாட்டில் இடமில்லை. நம் பாலைப் பாடல்களில் வழிப்போக்கனுக்குக்கூட ஒரு பதுக்கை கிடைத்தது.

இதனால் சாட் ஹில் அன்பர்கள் செய்தது வீண் என்று நாங்கள் கூறமாட்டோம். வெறும் படத்திற்காக இவ்வளவு பாடா என்று எங்களுடன் வந்த பெரியவர் கேட்டார். ஒரு நாட்டில் மண்ணைத் தோண்டிக் கிடைப்பதைப் போற்றும் பழக்கம் எங்கே தொடங்கினாலும் நல்லதே என்று விடை கூறினோம். அவர் ஒப்பவில்லை. அவ்விவாதம் பர்கோஸ் திரும்பும்வரை நீடித்தது, இன்னும் முடியவில்லை.

இப்படங்களைப் புதிதாகப் பார்க்க விரும்பும் குடும்பத்தினர் 'இன்னும் சில டாலருக்காக' என்பதில் தொடங்கலாம். சிறு குழந்தைகளுக்கு எதுவும் ஏற்றதன்று, கொலைகள் அதிகம். பத்து வயதுக்கு மேற்பட்டவர்க்கும் பக்கத்தில் பெரியவர் இருப்பது நலம். லியோனே படங்களைப் பார்த்து முடித்தவர் செர்ஜியோ கோர்புச்சி 1968-ல் எடுத்த 'பெரும் மௌனம்' படத்தைத் தேடிப் பார்க்கலாம். பாலைக்குப் பதில் பனி, நாயகன் ஊமை, முடிவு எவரும் எதிர்பாராதது. ரோமாபுரிக்கு அருகே எடுத்த காட்சிகளில் பனிக்குப் பதில் சவர நுரையைப் பரப்பினார்களாம்.

பயணம் செல்வோருக்கு ஒரு சொல். தபெர்னாஸிற்கு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் செல்ல வேண்டாம். டில்லி மே மாதம் பழகியவருக்கும் அவ்வெயில் கடினம். மார்ச்சு, ஏப்ரல் உகந்தவை. அப்போது குன்றுகளின் அடியில் சிறு மஞ்சள் பூக்களும் உண்டு. தொப்பியும் தண்ணீரும் கையோடு இருக்கட்டும். சாட் ஹில் செல்லும் மண்பாதை மழையில் சேறாகிவிடும். சிலோஸ் ஊரிலிருந்து நடந்தும் போகலாம். அங்கே கடை இல்லை, நுழைவுச்சீட்டு இல்லை, காவலர் இல்லை. நாங்கள் கட்டிக்கொண்டு சென்ற புளியோதரையை வட்டத்தின் வெளியே புல்லில் அமர்ந்து உண்டோம்.